மாயமில்லாத சிண்ட்ரெல்லா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தேவதைக் கதை ஒன்றை எடுத்து, மந்திரத்தை முழுக்கக் கழற்றிவிட்டு, நிஜமாகவே நடந்திருக்கக்கூடிய கதையாகத் திரும்ப எழுதிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் சிண்ட்ரெல்லாவிடம் மாட்டிக்கொண்டு இன்னும் வெளியே வரவில்லை. எழுதப் பழகும் நண்பர்கள் சேர்ந்து உட்காரும்போது இதைப் பற்றிக் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கதை மறந்துபோனவர்களுக்கு: தாயில்லாப் பெண். சித்தியும் சித்தியின் இரண்டு மகள்களும் அவளை அடுப்படி வேலைக்காரியாக வைத்திருக்கிறார்கள். அரண்மனையில் நடன விருந்து. ஒரு தேவதை வந்து பூசணிக்காயை வண்டியாக்கி, கந்தலைப் பட்டாக்கி, கண்ணாடிச் செருப்பும் கொடுத்து அனுப்புகிறாள். நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும். இளவரசன் மயங்குகிறான். அவள் ஓடும்போது ஒரு செருப்பு கழன்று விழுகிறது. அது யார் காலுக்குச் சேர்கிறதோ அவளையே கட்டுவேன் என்கிறான். சேர்கிறது. சுபம்.

மந்திரம் வருகிற இடங்களை வெட்டி எறிந்துவிட்டால் போதாதா?

போதாது. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். தேவதையை நீக்கிவிட்டு, செத்துப்போன அம்மாவின் பெட்டியைத் திறந்து அதிலிருந்து ஒரு நல்ல உடையை எடுத்து அந்தப் பெண் உடுத்திக்கொண்டதாக எழுதினேன். படித்த தோழி ஒரே கேள்வி கேட்டாள்: "அம்மா போய்ப் பத்து வருஷம் ஆச்சு. அந்த உடையை உன் சித்திக்காரி இன்னும் விற்காமலா வைத்திருக்கிறாள்?" அதோடு அந்த வரைவு முடிந்தது.

கதையில் மந்திரம் சும்மா அலங்காரமாக நிற்கவில்லை, வேலை செய்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரே இரவில் உடை, வண்டி, குதிரைகள், வண்டிக்காரன், ஏவலாட்கள், செருப்பு எல்லாம் கிடைக்கின்றன. யாரும் கூலி கேட்கவில்லை. மந்திரத்தை எடுத்ததும் அத்தனை கூலியும் பாக்கியாக வந்து நிற்கும். அதை யார் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள், பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள்? உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுவிடுகிறேன். இடது பக்கம் மாயம். வலது பக்கம் அதே வேலையைச் செய்யப்போகிற ஆளும், அந்த ஆளுக்கு ஆகிற செலவும். வலது பக்கத்தில் ஒரு வரி காலியாக இருந்தாலும் எழுத உட்காருவதில்லை.

எந்தச் சிண்ட்ரெல்லாவை எடுத்துக்கொள்வது? நிறைய இருக்கிறதே?

நிறைய என்றால் கொஞ்சநஞ்சமில்லை. 1893-லேயே மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 345 வடிவங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டுவிட்டார். சீனாவில் 9-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யே ஷியன் கதையில் தேவதைக்குப் பதில் ஒரு மீனின் எலும்புகள். 1630-களில் அச்சான நேப்பிள்ஸ் கதையில் நாயகி தன் முதல் சித்தியைப் பெட்டி மூடியை அடித்துச் சாத்திக் கொன்றேவிடுகிறாள். அதற்கு மந்திரமே தேவைப்படவில்லை. கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட ஜெர்மன் வடிவத்தில் அம்மாவின் சமாதி மேல் வளர்ந்த மரமும் பறவைகளும் உதவுகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ, எகிப்தில் சொல்லப்பட்டதாக ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். ரோடோபிஸ் என்ற பெண் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கழுகு அவளுடைய செருப்பைத் தூக்கிக்கொண்டுபோய் மெம்பிஸ் நகரில் அரசன் மடியில் போடுகிறது. அவன் செருப்புக்காரியைத் தேடச் சொல்கிறான். தேவதை இல்லை, பூசணி இல்லை. ஒரு திருட்டுக் கழுகு, அவ்வளவுதான். மாயமில்லாமல் எழுதுவது நவீனக் குறும்பு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

நாம் சின்ன வயதில் கேட்ட பூசணிக்காய், எலி, கண்ணாடிச் செருப்பு எல்லாம் 1697-ல் பாரிஸில் சார்ல் பெரோ வெளியிட்ட வடிவத்தில் உள்ளவை. நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஏன் பெரோ? அதில்தானே மந்திரம் அதிகம்?

மந்திரம் அதிகம்தான். ஆனால் மந்திரத்தைச் சுற்றி இருக்கிற வீடு பச்சையான நிஜம். அக்காக்கள் விருந்துக்குக் கிளம்புகிற காட்சியைப் பாருங்கள். மூத்தவள் சிவப்பு வெல்வெட் போடுகிறாள். இன்னொருத்தி பொன் பூ வேலை செய்த அங்கி. தலை அலங்காரத்துக்கு நல்ல கைகாரியை வரவழைக்கிறார்கள். இடுப்பு சிறுத்துத் தெரிய நாடாவை இழுத்து இழுத்துக் கட்டியதில் ஒரு டஜனுக்கு மேல் நாடா அறுந்துபோகிறது. சந்தோஷத்தில் இரண்டு நாளாகச் சாப்பிடவும் இல்லை. துணிகளுக்கு இஸ்திரி போடுவது, மடிப்பு வைப்பது எல்லாம் நம் பெண்.

இன்னொன்றும் உண்டு. சிண்ட்ரெல்லா அக்காவிடம், "நீங்கள் தினம் போடும் அந்த மஞ்சள் உடையைக் கொஞ்சம் கொடுங்களேன்" என்று கேட்கிறாள். அக்கா மறுக்கிறாள். பெரோ போகிறபோக்கில் மாயமில்லாத வழி ஒன்றைத் திறந்து உடனே சாத்திவிடுகிறார். எனக்கு அந்த மஞ்சள் உடை மேல் தனிப் பிரியம்.

சரி, தேவதைக்குப் பதில் யாரைப் போடுவது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். பதில் மூலக் கதையிலேயே இருக்கிறது. தமிழில் "தேவதை" என்று சொல்லிச் சொல்லி அதை மறைத்துவிட்டோம்.

பெரோவின் கதையில் வருகிறவள் எங்கிருந்தோ பறந்துவந்த தேவதை இல்லை. அந்தப் பெண்ணின் ஞானத்தாய். ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தி, பிறகு அதன் நல்லது கெட்டதுக்குப் பொறுப்பேற்பவள். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் புழங்குகிற சொல், புழங்குகிற உறவு. அம்மா இறந்துவிட்டால் முதலில் வந்து கதவைத் தட்டவேண்டியவள் அவள். அவள் தேவதையாகவும் இருந்தாள் என்பது அப்புறம் சேர்ந்த செய்தி. ஆகவே புதிதாக யாரையும் கண்டுபிடிக்க வேண்டாம். இறக்கையைக் கழற்றிவிட்டு உறவை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இது என் கற்பனை என்று சொல்லிவிடாதீர்கள். கதைக்குக் கீழே பெரோ செய்யுளில் இரண்டு நீதிகள் எழுதியிருக்கிறார். இரண்டாவது நீதியின் சாரம்: அறிவு, தைரியம், நல்ல குடிப்பிறப்பு எல்லாம் இருக்கலாம், தூக்கிவிட ஒரு ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ இல்லையென்றால் அத்தனையும் வீண். எழுதியவர் சும்மா ஆள் இல்லை. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பேரின் நிழலில் அரசாங்கக் கட்டட வேலைகளைக் கவனித்து மேலே வந்தவர். சிபாரிசு என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஞானத்தாய் என்ன வேலை செய்கிறவள்? பணக்காரியா?

பணக்காரியாக வைத்தால் கதை சுலபமாகிவிடும், அதனால் சப்பென்றும் ஆகிவிடும். நான் அவளைத் தையல்காரி ஆக்கினேன். பாரிஸில் 1675-ல்தான் பெண் தையல்காரர்களுக்குத் தனிச் சங்கம் அமைத்துக்கொள்ள அரச அனுமதி கிடைத்தது. அதுவரை பெண்களின் உடையைத் தைக்கும் உரிமை சட்டப்படி ஆண் தையல்காரர்களிடம். 1675-ல் உரிமை பெற்ற ஒருத்திக்கு 1697-ல் கடையும் இருக்கும், கடனும் இருக்கும்.

இங்கே ஒரு தப்பு செய்தேன். முழு உடையையும் அவளே தைத்ததாக எழுதிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அரண்மனைச் சடங்குகளுக்குப் போடும் விறைப்பான மேற்சட்டையை அந்த அனுமதிக்குப் பிறகும் ஆண் தையல்காரர்களே தைக்கலாம். ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் அந்தச் சிக்கலே உதவியது. மேற்சட்டையை எங்கிருந்தாவது வாங்கியாக வேண்டும், அதற்கு ஒரு ஆண் தையல்காரர் கதைக்குள் வந்தாக வேண்டும், அவருக்கு இந்தத் தையல்காரிகளைக் கண்டாலே ஆகாது.

அந்தக் காலத்தில் அப்படி ஒரு விருந்து நிஜமாகவே நடந்ததா?

நடந்தது. அதுவும் கதை வெளியான அதே 1697-ல். டிசம்பர் 7 அன்று லூயியின் பேரனுக்குக் கல்யாணம். 11-ஆம் தேதி வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்தில் நடன விருந்து. 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். வீட்டுக் கண்ணாடி என்றாலே சீமான்கள் சமாசாரமாக இருந்த காலம் அது.

அரசர், எல்லோரும் ஜோராக உடுத்தி வரவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அப்புறம் கேட்கவேண்டுமா. அரசவையில் இருந்த சேன்-சிமோன் பிரபு தன் நினைவுக் குறிப்புகளில் புலம்புகிறார்: அவருக்கும் மனைவிக்கும் சேர்த்து 20,000 லிவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) செலவு. தைப்பதற்கு ஆளே கிடைக்கவில்லை. அரசரின் மகள் ஒருவர் இன்னொரு பிரபுவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் காவலர்களை விட்டுத் தூக்கிக்கொண்டுவரச் செய்தார். அரசர் காதுக்குப் போய், திருப்பி அனுப்பச் சொன்னார். விருந்தன்று கூட்டத்தில் அரசரின் தம்பியே இடிபட்டு மிதிபட்டார். அதற்கெல்லாம் பிறகு, பெண்டாட்டி உடுப்புக்காகச் சொத்தை அழிக்கிற புருஷர்களை எனக்குப் புரியவே இல்லை என்றாராம் அரசர்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊசி பிடிக்கத் தெரிந்த எந்தக் கைக்கும் அந்த மாதத்தில் விலை உண்டு. அடுப்படியில் கிடக்கிற பெண்ணை ஞானத்தாய் ஏன் திடீரென்று தேடிவருகிறாள்? கண்ணீரைத் துடைக்க இல்லை. அவளுக்குக் கை வேண்டும். துணி வெளுத்து, இஸ்திரி போட்டு, கிழிசல் தைத்துப் பழகிய கை. பாசமும் தேவையும் ஒன்றாக வருகிறபோதுதான் ஆள் நிஜமாகிறாள்.

ஒரு எச்சரிக்கை: அந்தக் கல்யாண மாப்பிள்ளையை உங்கள் இளவரசனாகப் போட்டுவிடாதீர்கள். அவருக்கு வயது 15. பெண்ணுக்கு முந்தின நாள்தான் 12 முடிந்தது.

உடை யாருடையது?

கல்யாணத்துக்காக ஒரு பெரிய வீட்டுப் பெண் சொல்லித் தைக்கச் சொன்னது. வேலை முடிகிற நேரத்தில் அந்த வீட்டில் ஒரு சாவு. துக்க வீட்டில் நிற உடை போடமுடியாது; அவர்கள் வாங்க வரவில்லை, பணமும் தரவில்லை. ஞானத்தாயின் கையில் விலை உயர்ந்த உடை இருக்கிறது, காசு இல்லை. பழைய உடுப்பு வியாபாரி ஒருவன் மறுநாள் காலை ரொக்கத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆக, அந்த உடை ஒரே ஒரு இரவு யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கிறது.

பூசணிக்காய், எலி, பல்லிகள்?

பெரோ இதில் விளையாடியிருக்கிறார்: ஆறு எலிகள் குதிரைகளாகின்றன, நல்ல மீசை வைத்த பெருச்சாளி வண்டிக்காரன், ஆறு பல்லிகள் ஏவலாட்கள். நிஜத்தில் ஒரு வாடகை வண்டி போதும். 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே பாரிஸில் வாடகைக் குதிரைவண்டி உண்டு. 1662-ல் கணித மேதை பாஸ்கலின் யோசனைப்படி குறிப்பிட்ட வழிகளில் ஓடும் பொது வண்டிகளே விட்டார்கள், தலைக்கு ஐந்து சூ (அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) கட்டணம். ஆனால் ஏவலாட்களும் உடல் உழைப்பாளிகளும் ஏறக்கூடாது என்று நீதிமன்றம் தடைபோட்டது. நம் கதை நடக்கும்போது அந்த வண்டிகள் நின்றுபோய்விட்டன. ஓடிக்கொண்டிருந்தாலும் சிண்ட்ரெல்லாவை ஏற்றியிருப்பார்களா என்பது சந்தேகம்.

பூசணிக்காயைச் சூப் வைத்துவிட்டேன்.

நள்ளிரவுக் கெடுவுக்கு என்ன காரணம் சொல்வது?

மாயத்தில் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும். நிஜத்தில் கடிகாரத்தைப் பார்த்து யாருடைய உடையும் கந்தலாவதில்லை. பலர் இங்கே சித்தி போட்ட கட்டளை என்று எழுதிவிடுகிறார்கள். சித்திக்குத்தான் அவள் போனதே தெரியாதே.

காரணம் பெரோவிடமே ஒளிந்திருக்கிறது. முதல் இரவு அக்காக்கள் வீடு திரும்பும்போது சிண்ட்ரெல்லா கண்ணைக் கசக்கிக்கொண்டு, இப்போதுதான் தூங்கி எழுந்தவள்போலக் கதவைத் திறந்து, "எவ்வளவு நேரமாக்கிவிட்டீர்கள்!" என்கிறாள். அதுதான் கெடு. அக்காக்களின் வண்டி வீட்டு வாசலுக்கு வருவதற்குமுன் அவள் உள்ளே இருக்கவேண்டும், கதவைத் திறக்கிறவள் அவள்தான். வெர்சாயிலிருந்து பாரிஸுக்குச் சுமார் 20 கிலோமீட்டர், டிசம்பர் இருட்டு, சேற்றுப் பாதை. அவர்களுடைய வண்டி சொந்த வண்டி, இவளுடையது வாடகை. எவ்வளவு முன்னால் கிளம்பவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். என் நாயகி பன்னிரண்டுக்கு ஓடவில்லை, பத்தரைக்கே ஓடுகிறாள். நள்ளிரவு மணி அடிக்கும்போது அவள் பாதி வழியில் வண்டிக்குள் உட்கார்ந்து, பாவாடையைச் சேறு படாமல் மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குமேல் உடைக்கும் ஒரு கெடு இருக்கிறது. காலையில் வியாபாரி வருவான். எந்தத் தடயமும் இருக்கக்கூடாது. ஆனால் இருக்கிறது. இடது தோளுக்குக் கீழே, காசு அகலத்துக்கு ஒரு மெழுகுச் சொட்டு. கூடத்துச் சரவிளக்கிலிருந்து விழுந்தது. ஞானத்தாய் அதைக் கண்டதும் திட்டவில்லை. நகத்தால் மேலாகச் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள். தேன்மெழுகு. ஏழைபாழை வீடுகளில் எரிவது மாட்டுக்கொழுப்பில் செய்த வத்தி, நாறும், புகையும். தேன்மெழுகு அரண்மனைக்கும் கோயிலுக்கும்தான். பிறகு பட்டின் மேலும் கீழும் தாள் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றி எடுக்கிறாள். தாள் மெழுகைக் குடிக்கிறது. மினுமினுப்பு மட்டும் போகவில்லை. வியாபாரி அந்த மினுமினுப்பைக் கண்டுபிடித்து விலையைக் குறைக்கிறான். குறைந்த பணத்துக்கு ஈடாக நம் பெண் இரண்டு மாதம் ஊசி பிடிக்கவேண்டும்.

இந்தப் பத்தியை எழுதிய பிறகுதான் எனக்கு மந்திரம் போனதில் வருத்தமே இல்லாமல் போயிற்று.

கண்ணாடிச் செருப்பு? அது இல்லாமல் சிண்ட்ரெல்லாவா?

முதலில் ஒரு பழைய சண்டையைத் தீர்த்துவிடுவோம். பிரெஞ்சில் கண்ணாடிக்கும் ஒரு வகை அணில் ரோமத்துக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். ஆகவே ரோமச் செருப்புதான் தப்பாகக் கண்ணாடி ஆகிவிட்டது என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெரோ அச்சிட்ட புத்தகத்தில் கண்ணாடி என்றுதான் எழுத்து இருக்கிறது. 1665-ல் அரசாங்கக் கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கியவர் அதே கோல்பேர். பெரோவுக்குக் கண்ணாடி என்றால் அரசவைப் பகட்டு என்று தோன்றியிருக்கலாம், இது என் ஊகம்.

நிஜச் செருப்பு என்று வந்தால், பட்டோ தோலோ போர்த்திய குதிகாலணி. அதில் ஒரு வேடிக்கை: அந்தக் காலத்துக் காலணிகளுக்கு இடது வலது கிடையாது. இரண்டும் நேராக ஒரே அச்சில் செய்வார்கள். போடப் போடத்தான் காலுக்கு ஏற்ப வளையும். ஆக ஊர் முழுக்கப் போய்க் காலில் மாட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் சேரும், அதுவும் இரண்டு காலுக்கும். அளவைச் சாட்சியாக வைக்கவே முடியாது.

செருப்பைப் பெண்களின் காலிடம் கொண்டுபோகாதீர்கள். செருப்புத் தைத்தவரிடம் கொண்டுபோங்கள். தன் தையலை அவருக்குத் தெரியும். குதிகாலை எப்படி ஏற்றினோம், உள்ளே எந்தத் துண்டுத் தோலை வைத்தோம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் யார் வாங்கினார்கள், எவ்வளவு பாக்கி என்பதும் இருக்கும்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். காலில் போடுகிற ஒன்றை உடைத்துக் காட்டி வழக்கு வென்றவள் நம் கண்ணகி. பாண்டியன் தேவியின் சிலம்பில் முத்துப் பரல், அவளுடையதில் மாணிக்கப் பரல். வெளியே இரண்டும் ஒன்றுபோல. உண்மை உள்ளே இருந்தது. செருப்பை எழுதும்போது எனக்கு அந்தச் சிலம்புதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி மாயமில்லாமல் யாராவது வெற்றிகரமாகச் செய்திருக்கிறார்களா?

இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினி. 1817 ஜனவரி 25 அன்று ரோமில் அரங்கேறிய இசைநாடகம், பாடல் எழுதியவர் ஃபெர்ரெத்தி. தேவதைக்குப் பதில் இளவரசனின் ஆசான் பிச்சைக்கார வேடத்தில் வருகிறார். அக்காக்கள் விரட்டுகிறார்கள், இவள் ரொட்டியும் காப்பியும் கொடுக்கிறாள். சித்திக்குப் பதில் மாற்றாந்தந்தை. செருப்புக்குப் பதில் ஜோடி வளையல். ஒன்றை இளவரசன் கையில் கொடுத்து, இன்னொன்று என்னிடம் இருக்கிறது, தேடிக் கண்டுபிடி, அப்போதும் என்னைப் பிடித்திருந்தால் பார்க்கலாம் என்று அவளே சொல்லிவிட்டுப் போகிறாள். செருப்பைத் தவறவிடுவதற்கும் வளையலைக் கொடுப்பதற்கும் எவ்வளவு தூரம்!

எனக்கு அதில் உறைந்துபோன இடம் வேறு. ஆசான் பதிவேட்டைத் திறந்து, இந்த வீட்டில் மூன்று பெண்கள் என்று இருக்கிறதே, மூன்றாமவள் எங்கே என்று கேட்கிறார். செத்துப்போய்விட்டாள் என்கிறான் மாற்றாந்தந்தை. அவள் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்குச் சேரவேண்டிய பணத்தைத் தன் மகள்களுக்குச் செலவழித்துவிட்டவன் அவன்.

அப்படியானால் சித்தியின் கொடுமைக்கும் காரணம் சொத்துதானா?

பெரும்பாலும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கச் சீதனம் வேண்டும். கன்னியர் மடத்தில் சேர்க்கவும் பணம் கட்டவேண்டும், கொஞ்சம் குறைவாக. வீட்டிலேயே அடுப்படியில் வைத்துக்கொண்டால் செலவே இல்லை, வேலைக்காரி சம்பளமும் மிச்சம். இரண்டு பெண்களைக் கரையேற்றவேண்டிய ஒருத்தி இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பாளா? அவளை அரக்கியாக்க வேண்டியதில்லை.

எனக்கு அதிகக் கோபம் அப்பன் மேல்தான். பெரோவின் கதையில் அவர் உயிரோடுதான் இருக்கிறார். மகள் வாய் திறந்தால், பெண்டாட்டி சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனிதர் இவளைத்தான் திட்டியிருப்பார் என்று ஒரு வரி வரும். பல மறுகதைகளில் வசதிக்காக அவரைக் கொன்றுவிடுகிறார்கள். கொல்லாதீர்கள். சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, தட்டைப் பார்த்தபடியே சாப்பிடவிடுங்கள்.

விருந்தில் அக்காக்களுக்கு அவளை அடையாளம் தெரியாதா?

கதையில் அவள் அக்காக்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இளவரசன் கொடுத்த ஆரஞ்சுப் பழங்களைப் பங்குபோட்டுக் கொடுக்கிறாள். அப்போதும் தெரியவில்லை. மெழுகுவத்தி வெளிச்சம், பவுடர், உயரமான தலை அலங்காரம் என்று சமாளிக்கலாம். வேலைக்காரியின் முகத்தை யாரும் நேராகப் பார்ப்பதில்லை என்றும் சொல்லலாம், பொய்யில்லை. நான் சின்ன அக்காவுக்கு மட்டும் தெரிந்துவிட்டதாக வைத்தேன். பெரோவே அவளை மூத்தவள் அளவுக்கு முரடில்லாதவள் என்கிறார். தெரிந்தும் அவள் சொல்லவில்லை. ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டாள்.

இளவரசன் ஒரு அடுப்படிப் பெண்ணைக் கல்யாணம் செய்ய முடியுமா?

சட்டம் விடாது. 1556-லிருந்தே பிரான்சில் 30 வயதுக்குக் குறைந்த மகன் பெற்றோர் சம்மதமில்லாமல் கட்டினால் சொத்தில்லாமல் செய்யலாம். இளவரசன் என்றால் அரசரே சம்மதிக்கவேண்டும். ஆகவே தரத்தைக் குறையுங்கள். இளவரசன் வேண்டாம், ஒரு அதிகாரியின் இரண்டாவது மகன் போதும்.

ஆனால் சம்பந்தப்பட்ட அரசரே என்ன செய்தார் தெரியுமா? மேந்தெனோன் சீமாட்டி, 1635-ல் தகப்பன் அடைபட்டிருந்த சிறையில் பிறந்தவர் என்பார்கள். சிறுமியாக உறவினர் வீட்டில் மரச்செருப்பு போட்டு வான்கோழி மேய்த்ததைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்ததுண்டு. 16 வயதில், உடல் முடங்கிய கவிஞர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, 24-ல் விதவை. அப்புறம் அரசரின் பிள்ளைகளுக்குச் செவிலி. ராணி இறந்தபின் 1683 வாக்கில் பதினான்காம் லூயி அவரை ரகசியமாக மணந்துகொண்டார். கடைசிவரை அறிவிக்கவில்லை, ராணி பட்டமும் இல்லை. அவர் 1686-ல் சேன்-சீர் என்ற ஊரில் ஏழைப் பிரபுக் குடும்பத்துப் பெண்கள் 250 பேருக்குப் பள்ளி தொடங்கினார். படித்து வெளியே போகும்போது சீதனப் பணமும் உண்டு. கண்ணாடிச் செருப்பு போடாத சிண்ட்ரெல்லா, பிறகு 250 பேருக்கு ஞானத்தாயாகவும் ஆனார். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் "ரொம்ப ஓவர்" என்று திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

காலை வெட்டிக்கொள்கிற காட்சியை வைக்கலாமா?

அது கிரிம் வடிவம். ஒரு அக்கா கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிச் செருப்புக்குள் திணிப்பார்கள். மந்திரமில்லாத காட்சிதான், ஆகவே விதிப்படி வைக்கலாம். எனக்கு வயிறு கலங்கும், வைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு மாற்றி எழுதினால்?

எழுதுங்கள். ஆனால் வெர்சாயைத் தஞ்சாவூர் என்றும் செருப்பைக் கொலுசு என்றும் பெயர் மாற்றிவிட்டால் ஆகாது. முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுகிற கூடம் இங்கே எது? கல்யாண வீடாக இருக்கலாம், தேர்த்திருவிழாவாக இருக்கலாம். உடை பெரிய விஷயமில்லை, நகைதான். இரவல் நகை போட்டுக் கல்யாணத்துக்குப் போய், விடிவதற்குள் திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒருத்தி என்றால் எல்லாம் தானாக வந்து உட்காரும். கழன்று விழுவது திருகாணி. அதை நான் எழுதவில்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முடிவில் "சந்தோஷமாக வாழ்ந்தார்கள்" போடலாமா?

பெரோ அதைவிட ஒரு படி மேலே போய் இரண்டு அக்காக்களையும் அரண்மனைக்குக் கூட்டிவந்து அதே நாளில் இரண்டு பெரிய பிரபுக்களுக்குக் கட்டிவைத்துவிடுகிறார். நல்ல மனுஷர்.

என் வரைவில் கடைசிக் காட்சி, நம் பெண்ணின் கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பு, அப்பன் வீட்டு வாசல். செருப்புத் தைத்தவர் கணக்குப் புத்தகத்தோடு வந்து நிற்கிறார். ஒரு ஜோடிக்குப் பாக்கி. ஒன்று தொலைந்துவிட்டது என்று சொன்னால் பாதி விலை கழிக்க மாட்டேன் என்கிறார். கதவைத் திறப்பது வழக்கம்போல அவளா, அல்லது முதன்முறையாகச் சின்ன அக்காவா என்பதில்தான் மூன்று மாதமாக நிற்கிறேன். இப்போதைக்கு அப்பனை எழுப்பிக் கதவுப் பக்கம் நடக்கவிட்டிருக்கிறேன்.